முழுக் கோதுமை மாவில் வீட்டு வாஃபிள்: மூன்று தலைமுறைக்கு ஒரு மேசை

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது காரின் பின் இருக்கையில் இருந்து அந்தக் கேள்வி வந்துவிடும். "இண்டைக்கு வாஃபிள் கடைக்குப் போவமா?" ஹரோவில் இருந்தாலும் ஈஸ்ட்ஹாமில் இருந்தாலும் டூட்டிங்கில் இருந்தாலும் லண்டன் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது பழகிய கேள்வி. கட்டம் கட்டமாகச் சுட்ட ஒரு பெரிய வாஃபிள், மேலே ஐஸ்கிறீம், அதற்கு மேலே சொக்லேட் பாணி. பிள்ளைகளின் ஆசையில் பிழை இல்லை. நாமும் ஒதுங்கி நின்றவர்கள் அல்ல.

எமது வீட்டில் இதற்கு இன்னொரு பக்கம் இருந்தது. அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியான பின்னர் அவர் கடைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு வீட்டிலும் பிள்ளைகள் இனிப்புச் சாப்பிடும் நேரத்தில் மேசைக்கு வராமல் விட்டார். "நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பசியில்லை" என்பார். பசி இல்லாமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நாடு விட்டு வந்து, மொழியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகும் வீடுகளில், பேரப்பிள்ளையும் அம்மம்மாவும் இயல்பாகச் சந்திக்கும் இடம் சாப்பாட்டு மேசைதான். அதையும் இழக்க மனம் வரவில்லை. அதனால்தான் வாஃபிள் இரும்பு ஒன்றை வாங்கி முழுக் கோதுமை மாவில் வீட்டிலேயே செய்யத் தொடங்கினோம். அதில் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாஃபிள் வந்த வழி

இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுட்டு எடுப்பதுதான் வாஃபிள். ஐரோப்பாவில், குறிப்பாக இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, வட பிரான்ஸ் பகுதிகளில், நடுக்காலத்திலேயே நீண்ட கைபிடி வைத்த இரும்பை நெருப்பின் மேல் பிடித்து இதைச் சுட்டார்கள். பெயரும் ஒல்லாந்தரின் 'வாஃபல்' என்ற சொல்லில் இருந்தே ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் அதை அங்கேயும் கொண்டுபோனார்கள். நியூயோர்க் மாநிலத்தின் டிறோய் நகரைச் சேர்ந்த கோர்னீலியஸ் ஸ்வாட்வுட் என்பவர் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிச் சுடும் வாஃபிள் இரும்புக்கு 1869 ஓகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். பெல்ஜியம் வாஃபிள் என்று நாம் கேள்விப்படும் தடித்த வகை, 1964இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின்னர்தான் அமெரிக்காவில் பரவலாகப் பெயர் பெற்றது.

அதே ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். பூப்போன்ற இரும்பு அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கிச் சுடும் அச்சுப் பலகாரம் எமக்குத் தெரியும். சிங்களத்தில் அதன் பெயர் கொக்கிஸ். பலகாரத்தைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லில் இருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அச்சு காயாவிட்டால் மா ஒட்டிக்கொள்ளும், அளவுக்கு மேல் காய்ந்தால் மா பிடிக்காமல் நழுவும் என்பதை அச்சுப் பலகாரம் சுட்ட கைகள் அறியும். வாஃபிள் இரும்பும் சரியான சூட்டையே கேட்கிறது. ஆகவே இது எமக்கு முற்றிலும் அந்நியமான வேலை அல்ல.

நாமும் கோதுமை மாவும்

கோதுமை எமது மண்ணில் விளையும் தானியம் அல்ல. நெல்லும் குரக்கனும் சாமியும் ஒடியலும்தான் எமது பழைய சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு அரிசி வருவது தடைப்பட்டது. அந்த இடத்தைப் பிடித்ததில் கோதுமை மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் அமெரிக்க உதவியாகவும் மா வந்தது. வெள்ளை மாவை 'அமெரிக்கன் மா' என்று சொல்லும் பழக்கம் எமது முதியவர்களிடம் இன்றும் இருக்கிறது. எழுபதுகளில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையும், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடித்த கதையும் எந்த வீட்டிலும் கேட்கலாம்.

வெளியில் இருந்து வந்த அந்த மாவை எமது பெண்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதை அவித்து, அரித்துப் பயன்படுத்தினார்கள். அந்த அறிவு வாஃபிளிலும் கைகொடுத்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

எந்த மாவை வாங்குவது?

லண்டன் கடைகளில் பைகளைப் பார்த்து ஏமாறுவது எளிது. இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டு பாண், மா ஒழுங்குவிதிகளின்படி, பாணில் உள்ள மா முழுவதும் முழுத்தானிய மாவாக இருந்தால் மட்டுமே அதை 'ஹோல்மீல்' என்று விற்கலாம். 'பிறவுண்' என்ற சொல்லுக்கு அந்த உறுதி இல்லை. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

எமது கடைகளில் 10 கிலோப் பைகளில் வரும் ஆட்டா மாவிலும் வேறுபாடு உண்டு. 'மீடியம்' என்று எழுதப்பட்ட பைகள் பலவற்றில் இருப்பது வெள்ளை மாவோடு கொஞ்சம் தவிடு சேர்த்த கலவை. 'ஹோல்மீல்' என்றோ 100 வீதம் முழுக் கோதுமை என்றோ எழுதியதே முழு மா. சந்தேகம் இருந்தால் பையின் பின்புறம் நார்ச்சத்தின் அளவைப் பாருங்கள். முழு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் நார் இருக்கும். வெள்ளை மாவில் 3 அல்லது 4 கிராம்தான்.

முழு மாவில் கோதுமையின் முளைப்பகுதியும் அதன் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் அது வெள்ளை மாவை விட விரைவில் பழுதாகும். கசப்பு வாடை வந்தால் வாஃபிளும் கசக்கும். ஆட்டா அதிகம் செலவழியாத வீடு என்றால் சிறிய பையாக வாங்கி, இறுக மூடிக் குளிர்சாதனப்பெட்டியில் வைப்பது நல்லது.

தேவையானவை

கீழே உள்ள அளவில் நடுத்தரச் சதுர வாஃபிள் 8 வரும். தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்பது 15 மில்லிலீற்றர்.

முழுக் கோதுமை மா 200 கிராம்
அரிசி மா 40 கிராம்
பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
சீனி 1 மேசைக்கரண்டி (உறைப்பு வாஃபிளுக்குத் தேவையில்லை)
முட்டை 2
பால் 400 மில்லிலீற்றர்
மரக்கறி எண்ணெய் அல்லது உருக்கிய பட்டர் 80 மில்லிலீற்றர்
ஏலக்காய்த் தூள் அல்லது கறுவாத் தூள் ஒரு சிட்டிகை

செய்முறை

1. அரிசி மாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து தனியே வையுங்கள்.

2. முட்டையின் வெள்ளைக் கருவையும் மஞ்சள் கருவையும் பிரியுங்கள். ஒரு பெரிய கோப்பையில் கோதுமை மா, உப்பு, சீனி, ஏலக்காயைக் கலந்து, அதில் பால், மஞ்சள் கரு, எண்ணெய் ஆகியவற்றை ஊற்றிக் கலக்குங்கள். மா நனைந்தால் போதும். சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை.

3. மூடி 20 நிமிடம் வையுங்கள். தவிடு மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். இந்த 20 நிமிடத்தை விட்டால் வாஃபிள் வாயில் மணல் போல நெருடும்.

4. இதற்குள் வாஃபிள் இரும்பைக் காயவையுங்கள். விளக்கு அணைந்த பின்னும் இன்னும் ஐந்து நிமிடம் காயவிடுவது எமது வழக்கம்.

5. வெள்ளைக் கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடியுங்கள். தனியே வைத்த அரிசி மாக் கலவையைக் கோதுமைக் கலவைக்குள் அரித்துத் தூவி மெதுவாகக் கிளறுங்கள். கடைசியாக நுரையைச் சேர்த்து, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். கலவை அப்ப மாவை விடத் தடிப்பாக, அகப்பையில் இருந்து பட்டையாக வழிய வேண்டும்.

6. இரும்பில் தூரிகையால் எண்ணெய் பூசி, நடுவே ஊற்றி மூடுங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம். மூடினால் தானாகப் பரவும். 4 அல்லது 5 நிமிடம் எடுக்கும். இரும்பின் ஓரத்தில் இருந்து வரும் ஆவி நன்றாகக் குறைந்ததும் திறக்கலாம். ஆவி பறக்கும்போதே திறந்தால் வாஃபிள் இரண்டாகக் கிழியும்.

7. எடுத்த வாஃபிளைத் தட்டில் அடுக்கக்கூடாது. கம்பித் தட்டில் வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். தட்டில் வைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும்.

ஒட்டாத பூச்சு உள்ள இரும்புக்கு உலோகக் கரண்டி ஆகாது. விசிறி அடிக்கும் எண்ணெய்ப் புட்டிகள் பிசுபிசுப்பான படையை விட்டுச் செல்லும். தூரிகையே நல்லது. இரும்பை ஆறவிட்டு, மின்சாரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரில் அமிழ்த்தக்கூடாது.

அம்மம்மா சொன்ன திருத்தம்

முதல் முறை நாம் செய்தது றப்பர் போல இழுபட்டது. மின்கருவியால் நன்றாக அடித்துக் கலந்ததுதான் காரணம் என்று அப்போது எமக்குத் தெரியாது. அறையில் இருந்து வந்து ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்த அம்மம்மா கேட்டார்:

"மாவை அவிச்சனியே, பிள்ளை?"

"வாஃபிளுக்கு ஆர் அம்மா மா அவிக்கிறது?"

"அவியாத மா இழுபடும்தானே."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் முழு விளக்கமும் இருந்தது. கோதுமை மாவில் உள்ள புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது குளுட்டன் என்ற வலையாக மாறுகிறது. பாணுக்கும் ரொட்டிக்கும் அந்த இழுவை வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வேண்டாம். மாவை ஆவியில் அவித்தால் புரதம் சூட்டில் இறுகிவிடும், பிறகு வலை பின்னாது. வாஃபிளும் பிட்டின் பக்கம் சேர்ந்ததுதான். அதன் உருவத்தை முட்டையே தாங்கிக்கொள்ளும்.

அடுத்த வாரம் அம்மம்மாவே 50 கிராம் மாவைத் துணியில் கட்டி அரைமணி நேரம் ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் உதிர்த்து அரிதட்டில் அரித்துத் தந்தார். 200 கிராமில் அந்த 50 கிராமை மாற்றினோம். வாஃபிள் மென்மையாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வந்தது. முழுவதையும் அவித்த மாவில் செய்தால் உதிர்ந்துவிடும். நாலில் ஒரு பங்கு போதும். அவிக்க நேரம் இல்லாத நாட்களில் குறைவாகக் கிளறுவதும், அரிசி மா சேர்ப்பதும் ஏறக்குறைய அதே பலனைத் தரும். அரிசி மாவில் குளுட்டன் இல்லை.

உறைப்பு வாஃபிளும் சைவ வாஃபிளும்

சீனியை விட்டுவிட்டு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருஞ்சீரகம் சேர்த்தால் உறைப்பு வாஃபிள் ஆகும். அதன் குழிகளில் பருப்புக் கறியோ கோழிக் குழம்போ நன்றாகத் தங்கும். சம்பலோடும் சாப்பிடலாம். எமது வீட்டில் அம்மம்மா தனக்கென்று கேட்பது இதைத்தான்.

வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் முட்டை சேர்க்காதவர்கள், இரண்டு முட்டைக்குப் பதிலாக 120 மில்லிலீற்றர் தயிரும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சேர்க்கலாம். முட்டையின் பிடிப்பு இல்லாததால் அவித்த மாவைத் தவிர்த்து, ஒரு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். 40 கிராம் கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மா சேர்த்தால் நிறமும் மணமும் ஊர் நினைவைத் தரும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

முழுக் கோதுமை என்றதும் மருந்து என்று நினைத்து நாலைந்து சாப்பிடுவோரும் எம்மிடையே உண்டு. நன்றாக நுணுக்கி அரைத்த முழு மாவும் இரத்தத்தில் சீனியை உயர்த்தும். வெள்ளை மாவோடு ஒப்பிடும்போது அந்த வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. மேலே தந்த அளவில் ஒரு வாஃபிளில் சுமார் 24 கிராம் மாச்சத்து இருக்கிறது. அது ஏறக்குறைய ஒன்றரைத் துண்டுப் பாண். நார்ச்சத்து சுமார் இரண்டரை கிராம். அதையே வெள்ளை மாவில் செய்தால் ஒரு கிராமளவே கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார் வேண்டும் என்கிறது என்.எச்.எஸ். ஆகவே முழு மாவால் நன்மை உண்டு, ஆனால் அளவே முதன்மையானது. ஒரு வாஃபிள், அதோடு முட்டை, தயிர் அல்லது பருப்பு. புரதம் சேரும்போது சீனி மெதுவாக ஏறும். இன்சுலின் எடுப்பவர்கள் தமது மருத்துவக் குழுவிடம் கேட்டே அளவை முடிவுசெய்ய வேண்டும்.

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று பிரித்தானிய நீரிழிவு அமைப்பு சொல்கிறது. அதனால் உடல் நிறைச் சுட்டெண்ணில் மற்றவர்களுக்கு 25இல் தொடங்கும் எச்சரிக்கை எமக்கு 23இலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே நீரிழிவு, இதய நோய் போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. சேர்க்கப்பட்ட சீனி 4 முதல் 6 வயதினருக்கு நாளொன்றுக்கு 19 கிராமுக்கும், 7 முதல் 10 வயதினருக்கு 24 கிராமுக்கும் மேற்படக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் பாணியில் மட்டும் 13 கிராமுக்குக் கிட்டச் சீனி இருக்கிறது. கித்துள் பாணியும் பனங்கட்டியும் எமது ஊர்ப் பொருட்கள் என்பதற்காகச் சீனி அல்லாமல் போய்விடாது. பாணியைப் புட்டியில் இருந்து ஊற்றாமல் ஒரு தேக்கரண்டியால் அளந்து விட்டு, மிச்சக் குழிகளை வாழைப்பழத்தாலும் ஸ்ரோபெரியாலும் நிரப்பலாம். பழத்தில் உள்ள விற்றமின் சி கோதுமையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்கள் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

சேமித்து வைத்தல்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு செய்தால் வாரநாட் காலைகள் இலகுவாகும். முற்றாக ஆறிய வாஃபிள்களை நடுவே பேக்கிங் தாள் வைத்து அடுக்கி, பையில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள். ஒரு மாதம்வரை சுவை குறையாது. உறைந்தபடியே ரோஸ்ரரில் போட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும். மைக்றோவேவில் துவண்டுவிடும். பாடசாலைக்குக் கொடுத்துவிடும்போது கோதுமை, முட்டை, பால் மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதை நினைவில் வைத்து, மற்றப் பிள்ளைகளோடு பகிரவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்போதும் சில சனிக்கிழமைகளில் கடைக்குப் போகிறோம். பிறந்தநாள் என்றால் போகத்தான் வேண்டும். மற்றச் சனிக்கிழமைகளில் மா அரிப்பது அம்மம்மாவின் வேலை, ஆவி அடங்கியதா என்று பார்ப்பது சின்னவளின் வேலை. "ஆவி நிண்டிட்டுது, அம்மம்மா" என்று அவள் தமிழில்தான் கத்துகிறாள். அம்மம்மா தன்னுடைய ஒரு உறைப்பு வாஃபிளை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்.